இருபத்து மூன்றாவது வளைவு

எழுதுங்கள் ஐயா, மற்றவர்கள் எழுதிக்கொள்கிற மாதிரி மனு இல்லை, ஒரு லெட்டர். 'அனுப்புநர்' என்ற இடத்தில் என் பெயர். சென்னியப்பன், வயது அறுபத்து நான்கு, ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். 'பெறுநர்' என்ற இடத்தில் அந்தப் பள்ளிக்கூடத்து மேனேஜர். பைபாஸில் பதினெட்டு பஸ் வைத்து நடத்துகிறார்களே, அதுதான். விஷயம் இதுதான்: பீர்முகமது என்கிற மெக்கானிக் நல்ல வேலைக்காரர், அவரை உங்கள் பஸ் ஷெட்டில் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளலாம். முடிந்தது. நாலே வரி. ஐந்து மணிக்குள் கொண்டுபோய்க் கொடுத்தாக வேண்டும். அதற்கு மேல் வேறு ஆளைச் சேர்த்துவிடுவார்கள்.

கடைசியில் இன்னும் ஒரு வரி. 'நேற்று நான் வாயால் சொன்னதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம்.'

ஏன் பேனாவை நிறுத்திவிட்டீர்கள்?

நேற்று என்ன சொன்னேனா? 'பிரேக்கை விட்டவன் கையில் பிள்ளைகளைக் கொடுப்பீங்களா' என்று சொன்னேன். என் வீட்டுக்கு வந்து, என் நாற்காலியில் உட்கார்ந்து, என் மருமகள் போட்ட டீயைக் குடித்துக்கொண்டிருந்த மேனேஜரிடம் சொன்னேன். நேற்று ஒன்று, இன்று ஒன்றா என்று கேட்பார்கள் என்கிறீர்கள். லீவு லெட்டரில் 'தவிர்க்க முடியாத காரணத்தால்' என்று போடுவார்களே, அதைப் போட்டால் போதாதா? போதாதா. சரி.

அப்படியானால் முழுக்கச் சொல்ல வேண்டும். இதை எழுத வேண்டாம், கேட்டுக்கொள்ளுங்கள். பின்னால் பட்டா மனுவுக்கு நிற்கிற அம்மா கேட்டாலும் பரவாயில்லை. அவள் என்னை எங்கே பார்க்கப் போகிறாள்.

எல்லாம் என் மருமகளால் வந்தது. அவளைக் குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். கோகிலவாணி என்று பெயர், வாணி என்போம், ராசிபுரத்துப் பெண். என் ஒரே பையன் தினகரனைக் கட்டிக்கொண்டு வந்தவள். கல்யாணமாகி வருகிற பெண்கள் பீரோ கொண்டுவருவார்கள், கட்டில் கொண்டுவருவார்கள். இவள் ஒரு ஸ்டியரிங் கொண்டுவந்தாள்.

சிரிக்காதீர்கள், நிஜம். மேசையில் இறுக்கி மாட்டுகிற ஸ்டியரிங். கீழே தரையில் மூன்று பெடல். கிளட்ச், பிரேக், ஆக்ஸிலேட்டர், நம் வண்டியில் இருக்கிற அதே வரிசை. கம்ப்யூட்டரில் பஸ் ஓட்டுகிற விளையாட்டு. வீட்டிலிருந்தே ஏதோ ஆபீஸ் வேலை பார்க்கிறாள், சாயங்காலம் நாலு மணிக்கு அதை மூடிவைத்துவிட்டு இதில் உட்காருவாள். இவள் ஓட்டுவதை முந்நூறு பேர், நானூறு பேர் அவரவர் போனில் பார்க்கிறார்களாம். 'அக்கா சூப்பர், ஹாரன் அடிங்க அக்கா' என்று எழுதுகிறார்களாம். ஒரு சம்சாரி வீட்டு ஹாலில் நடக்கிற காரியமா இது? அதுவும் என் போட்டோவுக்கு நேர் கீழே. பொன்னாடை போர்த்தி, மாலை போட்டு நான் நிற்கிற போட்டோ. அது எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். இந்தக் கோடையில் என்ன செய்தாள் தெரியுமா? சேலத்துக் காலேஜ் பசங்கள் யாரோ கொல்லிமலை ரோட்டை அப்படியே அந்த விளையாட்டுக்குள் வரைந்துவிட்டார்கள். எழுபது கொண்டை ஊசி வளைவு. மஞ்சள் போர்டில் நம்பர்கூட இருக்கிறது. நான் இருபத்திரண்டு வருஷம் ஓட்டிய ரோடு. அதில் இவள் செருப்புக் காலோடு உட்கார்ந்து ஏறுகிறாள், இறங்குகிறாள்.

நான் வெறுங்காலில்தான் ஓட்டுவேன். வண்டியில் ஏறியதும் செருப்பைக் கழற்றி சீட்டுக்கடியில் தள்ளிவிடுவேன். உள்ளங்காலுக்கும் பெடலுக்கும் நடுவில் ஒரு தோல் இருந்தால் போதாதா, இரண்டாவது தோல் எதற்கு? அதோடு, வண்டி ஓட்டுவது கை என்று நினைக்கிறீர்கள், இல்லை. உட்காருகிற இடம். பின்பக்கம் இழுத்தால் முதலில் அதற்குத்தான் தெரியும். வண்டியில் ஐம்பது பேரா எழுபது பேரா என்று திரும்பிப் பார்க்காமல் முதுகு சொல்லும். நாற்காலியில் உட்கார்ந்தவளுக்கு எது சொல்லும்?

கேட்டேன். "ஏம்மா, இதுல என்ன இருக்குது? வண்டி சாயுதா? பிரேக் சூட்டு வாசம் வருதா? பள்ளத்துல விழுந்தா அடிபடுமா?"

"அடிபடாது மாமா. அதனாலதான் நூறு தடவ விழுகலாம்."

"நூறு தடவ விழுந்தவளெல்லாம் டிரைவரா?"

"நீங்க ஒருக்காகூட இடிச்சதில்லையா மாமா?"

அவள் விகல்பமில்லாமல்தான் கேட்டாள். நான் எழுந்து முகம் கழுவப் போய்விட்டேன்.

இன்னொரு நாள் அவளாகவே சொன்னாள். ஸ்டியரிங்கைத் துணியால் துடைத்துக்கொண்டே சொன்னாள். "ஆரம்பத்துல இது வெறும் ஸ்டியரிங்காத்தான் இருந்துச்சு மாமா. இவ்வளவு திருப்பணும், இவ்வளவு மிதிக்கணும்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே ஓட்டுவேன். ஒரு வளைவு தாண்ட மாட்டேன். இப்ப கையில ஸ்டியரிங் இருக்கறதே தெரியறதில்ல. வளைவுதான் தெரியுது. பஸ்ஸோட மூலை என் தோள்பட்டை மாதிரி இருக்குது. செவுத்துல ஒரசிருமோன்னு தோணுனா நானே இந்தப் பக்கம் ஒடுங்கிக்கறேன்."

ஐயா, எனக்கு வந்த கோபத்தை உங்களிடம் எப்படிச் சொல்வேன். அவள் சொன்னது பொய் என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். அது நிஜம். எனக்கு அது எட்டாவது வருஷத்தில் வந்தது. ஒரு நாள் பன்னிரண்டாவது வளைவில் எதிரே லாரி வந்தது, நான் என் இடது தோளைச் சுருக்கினேன், வண்டி நுழைந்துவிட்டது. அன்றைக்குத்தான் நான் டிரைவர் ஆனேன் என்று எனக்குள் வைத்திருந்தேன். பெண்டாட்டியிடம்கூடச் சொன்னதில்லை, சொன்னால் சிரிப்பாள். வெயிலும் மழையும் மூலமும் முதுகுவலியும் பட்டு எனக்கு எட்டு வருஷத்தில் கிடைத்தது இவளுக்கு நாற்காலியில் கிடைத்தது என்றால், நான் பட்டதெல்லாம் என்ன?

அதற்குப் பிறகு நான் படிக்கிற மாதிரி பேப்பரை விரித்துவைத்துக்கொண்டு ஹாலிலேயே உட்கார ஆரம்பித்தேன். பார்க்கவில்லை என்பது போலப் பார்ப்பேன். அவள் வளைவில் இறங்கும்போது என் கால் தானாகத் தரையை மிதிக்கும். என் வீட்டுக்காரி பாவாயி அதைப் பார்த்துவிட்டாள்.

"ஏனுங்க, டைல்ஸ் ஒடஞ்சிரப் போகுது. புள்ள ஓட்டுற பஸ்ஸுக்கு நீங்க எதுக்குப் பிரேக் போடறீங்க?"

பார்த்தீர்களா, பட்டா அம்மாவும் சிரிக்கிறாள். சிரி அம்மா.

வாணி அப்போதே எழுந்து நாற்காலியை என் பக்கம் திருப்பினாள். "வாங்க மாமா, நீங்க ஓட்டுங்க."

உட்கார்ந்தேன். முதல் நாள் மூன்றாவது வளைவிலேயே பள்ளத்தில் விழுந்தேன். ஏழு தடவை. முந்நூறு பேரும் பார்த்துவிடாதபடி, போனில் காட்டுவதை அவள் முன்கூட்டியே அணைத்துவைத்திருந்தாள், அந்த மரியாதை தெரிந்த பெண். எனக்கு உட்காருகிற இடத்திலிருந்து ஒரு செய்தியும் வரவில்லை. செத்த வண்டி போலிருந்தது. 'இது மெஷின் கோளாறு' என்று சொல்லிவிட்டு எழுந்தேன். மறுநாள் நாலு மணிக்கு என்னை யாரும் கூப்பிடாமலே போய் உட்கார்ந்தேன்.

இரண்டு வாரம் ஐயா. தினமும் ஒரு மணி நேரம். கை கற்றுக்கொண்டுவிட்டது. நான் சொல்லித்தரவில்லை, அதுவாகக் கற்றுக்கொண்டது. எஞ்சின் சத்தத்தை வைத்து ஏற்றம் தெரிந்தது, கண்ணாடியில் மரம் நகர்கிற வேகத்தை வைத்து வண்டி சாய்வது தெரிந்தது. ஒரு நாள் என் தோள் சுருங்கியது. நாற்காலியில் உட்கார்ந்து, ஹாலில், ஃபேன் காற்றில் என் தோள் சுருங்கியது. வாணி கை தட்டினாள். எனக்குப் பெருமையாக இருந்தது, அந்தப் பெருமையை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

ஆனால் ஏறுவேன், இறங்க மாட்டேன். இறங்கும்போது நாலைந்து வளைவுக்கு ஒரு தடவை வண்டி பாய்ந்துவிடும். பெடல் சரியில்லை என்றேன். வாணி வாதம் செய்யவில்லை. அந்த விளையாட்டில் ஓட்டியதை மறுபடி போட்டுப் பார்க்கலாம். அடியில் மூன்று கோடு இருக்கும். கிளட்ச் நீலம், பிரேக் சிவப்பு, ஆக்ஸிலேட்டர் பச்சை. எதை எவ்வளவு மிதித்தோமோ அந்தக் கோடு அவ்வளவு ஏறும். நான் விழுந்த இடத்தைப் போட்டுக் காட்டினாள்.

"பாருங்க மாமா, செவப்பும் பச்சையும் ஒண்ணா ஏறுது. இந்த இடத்துல செவப்பே இல்ல, பச்சை மட்டுந்தான்."

"நான் பிரேக்கைத்தான் மிதிச்சேன்."

"சரிங்க மாமா." அவள் உட்கார்ந்து அதே வளைவை இறங்கினாள். சிவப்பு மட்டும் ஏறியது. "பெடல் நல்லாத்தான் இருக்குது மாமா."

"போதும், அதை அணைம்மா" என்றேன். ஏன் என்று இப்போது சொல்ல மாட்டேன், வரிசையாகச் சொல்கிறேன்.

அவள் விடவில்லை. "மாமா, கண்ணை மூடிக்குங்க. பிரேக் மேல காலை வைங்க. வெச்சுட்டீங்களா?"

"வெச்சுட்டேன்."

"நல்லாத் தெரியுதா?"

"முப்பத்தொரு வருஷம் ஓட்டினவன்கிட்டக் கேக்கறயே, வெச்சுட்டேன்னு சொல்றேன்."

"இப்பக் கண்ணைத் திறந்து குனிஞ்சு பாருங்க."

என் கால் ஆக்ஸிலேட்டர் மேல் இருந்தது. கட்டை விரல் மட்டும் பிரேக்கின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். யாரோ ஒருவன் காலைக் கழற்றி அங்கே வைத்துவிட்டுப் போனது மாதிரி இருந்தது. கண்ணால் பார்க்கிற வரைக்கும் என் கால் பிரேக்கில்தான் இருந்தது ஐயா, சத்தியமாக.

"சக்கரை காலுக்கு எறங்கியிருக்கும் மாமா, நாளைக்கு டாக்டர்கிட்டப் போலாம்" என்றாள்.

நான் என்ன செய்தேன் என்கிறீர்கள்? அன்று சாப்பிடும்போது பையனிடம், "உன் பொண்டாட்டி என்னை நொண்டிங்கறா, அந்தச் சனியனை ஹால்ல இருந்து எடுக்கச் சொல்லு" என்றேன். அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். மறுநாள் மேசை காலியாக இருந்தது. மாடி ரூமுக்குக் கொண்டுபோய்விட்டாள். என்னிடம் பேசுவதை நிறுத்தவில்லை, மாமா மாத்திரை போட்டீங்களா என்று கேட்பதையும் நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

இப்போது பீர்முகமது விஷயத்துக்கு வருகிறேன்.

நான் ஓட்டிய தனியார் கம்பெனியில் பீர்தான் மெக்கானிக். என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவன். அண்ணே, அண்ணே என்று உயிராக இருப்பான். ஒரு நாள் ஒர்க்‌ஷாப்பில் வெறுங்காலோடு நின்று பேசிக்கொண்டிருந்தபோது அவன் தரையைப் பார்த்தான். "அண்ணே, யாரோ காலை வெட்டிக்கிட்டாங்க போல, ரத்தக் கறை" என்று அதைப் பார்த்துக்கொண்டே நடந்தான். கேட்டிலிருந்து வரிசையாக ஒற்றைக் கால் தடம். தடம் என்னிடம் வந்து நின்றது. என் வலது உள்ளங்காலில் ஒரு தகரத் துண்டு செருகியிருந்தது. எனக்குத் தெரியாது. அவன் என்னை டயர் மேல் உட்காரவைத்து குறடால் பிடுங்கினான். பிடுங்கிவிட்டு என் முகத்தைப் பார்த்தான்.

"வலிக்கலையாண்ணே?"

"டிரைவர் காலுடா. தோல் தடிச்சுப்போச்சு."

"சக்கரை இருக்குதான்னு ஒருக்கா பாத்திருங்கண்ணே. மலை வண்டி ஓட்டறீங்க."

"நீ டயரைப் பாரு. என் காலை நான் பாத்துக்கறேன்."

அதன் பிறகு ஏழாவது மாதம். மலையிலிருந்து இறங்குகிறேன். நாற்பத்தொரு பேர். இருபத்து மூன்றாவது வளைவில் பிரேக்கை மிதிக்கிறேன், வண்டி நிற்கவில்லை, பாய்கிறது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். கை பாறைப் பக்கம் திருப்பியது. முட்டி நின்றது. பலாப்பழக் கூடையோடு வந்த ஒரு அம்மாவுக்குத் தோள் எலும்பு முறிந்தது. மற்றபடி எல்லோருக்கும் சிராய்ப்பு. இறங்கிவந்து என் காலில் விழுந்தார்கள். பிரேக் இல்லாத வண்டியைப் பாறையில் சாய்த்து நாற்பத்தொரு உயிரைக் காப்பாற்றினான் என்று ஊரே சொன்னது. முன்பக்கம் நசுங்கியதில் பிரேக்குக்குப் போகிற காற்றுக் குழாய் அறுந்திருந்தது. முட்டுவதற்கு முன்னால் அறுந்ததா, பின்னால் அறுந்ததா என்று யார் பார்த்தார்கள். நான் பிரேக் இல்லை என்றேன், குழாய் அறுந்திருந்தது, பொருந்திவிட்டது. அதற்குத்தான் அந்தப் பொன்னாடை.

முதலாளி பீரைக் கூப்பிட்டுக் கேட்டார். நானும் நின்றேன். அவன், "பிரேக் நல்லாத்தான் இருந்துச்சு மொதலாளி. காலையில நான்தான் பாத்து அனுப்பினேன்" என்றான். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். அவ்வளவுதான் பேசினான். அன்றோடு அவனை அனுப்பிவிட்டார்கள்.

எனக்கு அவன் மேல் அப்படி ஒரு கோபம். நாலு பேர் முன்னால் என்னைப் பொய்யன் ஆக்கிவிட்டான் இல்லையா? பிரேக் நன்றாக இருந்தது என்றால் நான் சொன்னது என்ன? ஒன்பது வருஷம் அவனோடு பேசவில்லை. அவன் கடையைக் கடந்துபோனால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். என் பையன் கல்யாணத்துக்கும் அவன் வரவில்லை. நான் பத்திரிகை வைக்கவில்லைதான். வைக்காவிட்டால் என்ன, பழகியவன் வரக்கூடாதா? அதையும் மனதில் வைத்திருந்தேன். வேறு எந்தக் கம்பெனியும் அவனைச் சேர்க்கவில்லை, பிரேக்கைப் பார்க்காமல் விட்டவன் என்ற பேர் இந்த ஊரில் போதும். பஸ் எஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டுகிறவன், ரோட்டோரம் பஞ்சர் ஒட்டுகிறான். ஒட்டட்டும் என்று இருந்தேன்.

அவன் என் காலைப் பற்றிச் சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொல்லியிருக்கலாம். தகரத் துண்டைப் பிடுங்கியவன் அவன்தானே. சொல்லியிருந்தால் அன்றே என் வேலை போயிருக்கும், லைசென்ஸ் போயிருக்கும். அவன் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று ஒன்பது வருஷத்தில் ஒரு தடவை நான் நினைத்துப் பார்த்திருப்பேனா? விபத்துக்குப் பிறகு முதலாளி எனக்கு மரியாதை செய்து சமவெளி ரூட் கொடுத்தார். அதே காலை வைத்து இன்னும் இரண்டு வருஷம் ஓட்டினேன் ஐயா. ஸ்கூல் பிள்ளைகள் ஏறுகிற வண்டி.

நேற்று என்ன நடந்தது என்றால், அந்தப் பள்ளிக்கூடத்துக்கு மெக்கானிக் தேவை. ஸ்கூல் திறப்பதற்குள் பதினெட்டு வண்டியையும் சரிபார்க்க வேண்டும். பீர் போய்க் கேட்டிருக்கிறான். பழைய விஷயம் எப்படியோ அவர்கள் காதுக்குப் போயிருக்கிறது. மேனேஜர் அவனையே கேட்டாராம். அவன், "சென்னியப்பன் அண்ணனையே கேளுங்க சார். வண்டி ஓட்டினவரு அவரு. அவரு சொன்னா எனக்குச் சம்மதம்" என்றானாம்.

மேனேஜர் இதை அப்படியே என்னிடம் சொன்னார். பொன்னாடை போட்டோவை ஒரு தடவை பார்த்துவிட்டு, "நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதுங்கய்யா" என்றார்.

எனக்கு எல்லாம் தெரியும் ஐயா அப்போது. சிவப்புக் கோடு, பச்சைக் கோடு, பெடல் மேல் கிடந்த கால், எல்லாம் பார்த்தாகிவிட்டது. சொல்ல வேண்டியது என்ன என்று தெரியும். வாயைத் திறந்தேன். ஆனால் 'அவரு சொன்னா எனக்குச் சம்மதம்' என்றது என் காதில் எப்படி விழுந்தது தெரியுமா? ஒன்பது வருஷம் கழித்து என் வீட்டுக்கே ஆள் அனுப்பி என் வாயாலேயே பிடுங்கப் பார்க்கிறான் என்று விழுந்தது. வாய் அதன் பாட்டுக்குச் சொல்லிவிட்டது. 'பிரேக்கை விட்டவன் கையில் பிள்ளைகளைக் கொடுப்பீங்களா.' நான் யோசித்துச் சொல்லவில்லை. ஒன்பது வருஷமாக நாலு இடத்தில் சொல்லிச் சொல்லிப் பழகிய பேச்சு, தடுப்பதற்குள் வந்துவிட்டது.

மேனேஜர் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். வாணி டம்ளரை எடுக்க வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவள் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"மாமா, அன்னிக்கு முட்டறதுக்கு முந்தி எஞ்சின் சத்தம் எப்படி இருந்துச்சு?"

ஒன்பது வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. முதலாளி கேட்கவில்லை, யூனியன்காரன் கேட்கவில்லை, பேப்பர்காரன் கேட்கவில்லை. ஒரு நாள்கூட டிரைவர் சீட்டில் உட்காராத பெண் கேட்டாள். ஓட்டத் தெரிந்தவர்களுக்குத்தான் அப்படிக் கேட்கத் தோன்றும்.

அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். உறுமியது ஐயா. எஞ்சின் உறுமியது. பிரேக் போன வண்டி உறுமாது, சும்மா சரியும். ஆக்ஸிலேட்டரை மிதித்தால்தான் உறுமும். அந்தச் சத்தம் என் காதில் அன்றே விழுந்தது. பாறையில் முட்டுவதற்கு முன்னால், கை திருப்பிக்கொண்டிருக்கும்போதே எனக்குத் தெரியும். தெரிந்துதான் இறங்கினேன். தெரிந்துதான் பிரேக் இல்லை என்றேன். கம்ப்யூட்டரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன் என்று கொஞ்ச நேரம் முன்னால் உங்களிடம் சொன்ன மாதிரி இருக்கும். கால் இடம் மாறினாலும் எனக்கு உறைக்காது என்பதுதான் அதில் தெரிந்தது. மற்றது எனக்கு அன்றே தெரியும்.

பட்டா அம்மா எங்கே பார்க்கிறாள்? பரவாயில்லை, நான் சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

எழுதுங்கள். 'அந்த விபத்தில் பிரேக் நன்றாக இருந்தது. பீர்முகமது மேல் ஒரு குற்றமும் இல்லை. பிரேக்கை மிதிப்பதாக நினைத்து ஓட்டுநரின் கால் ஆக்ஸிலேட்டரை மிதித்துவிட்டது.'

என்ன? எந்த ஓட்டுநர் என்று கேட்பார்களா? மேலேதான் என் பெயர் இருக்கிறதே, புரிந்துகொள்ள மாட்டார்களா?

சரி. 'என் கால்' என்று போடுங்கள். போட்டுவிட்டீர்களா? 'அது எனக்கு அன்றே தெரியும்.' அதையும் போடுங்கள். 'நேற்று நான் சொன்னது பொய்.' போடுங்கள்.

கை மட்டும் சரியாகத் திருப்பியது என்று ஒரு வரி சேர்க்கலாமா? அது பொய் இல்லை. கால் செய்த தப்பைக் கைதான் சமாளித்தது, இல்லாவிட்டால் நாற்பத்தொரு பேரும் பள்ளத்தில். அதை எழுதினால் என்ன... எழுதட்டுமா என்று பேனாவைத் தூக்கிவைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறீர்கள். வேண்டாம். விடுங்கள்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். பள்ளிக்கூடத்துக்கு இங்கிருந்து டவுன் பஸ் இருக்கிறது, நேரம் இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் பீர் கடைக்குப் போக வேண்டும். அவனுக்குத் தெரியாமல் இதைக் கொடுத்துவிட்டு வந்தால், அதுவும் ஒளிந்துகொண்டு செய்த காரியமாகத்தான் இருக்கும். அவன் கடை அந்தச் சிக்னலைத் தாண்டி நாலாவது. வரும்போது பார்த்தேன். டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். தலை நரைத்துவிட்டது. நான் எதிர்ப்பக்கம் வந்துவிட்டேன்.

நீங்கள் ஒரு எட்டு என்னோடு வர முடியுமா ஐயா? நீங்கள் வாசியுங்கள், நான் பக்கத்தில் நிற்கிறேன். முடியாதா. ஆமாம், ஆள் நிற்கிறார்கள்.

அப்படியானால் ஒன்று செய்யுங்கள். மூன்றாம் கிளாஸோடு நின்றவன் நான், பஸ் போர்டு படிப்பேன், இப்படிச் சேர்த்து எழுதியதைப் படிக்க வராது. காகிதத்தை அவன் கையில் கொடுத்துவிட்டு நிற்கக் கூடாது, வாயால் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தால் அந்தப் பழைய பேச்சு முந்திக்கொள்ளும், அது எனக்குத் தெரியும். நீங்கள் அந்த இடத்தை வாசியுங்கள். நான் கூடவே சொல்கிறேன். பட்டா அம்மா, ஒரு ஐந்து நிமிஷம் பொறுத்துக்கொள்.

'பிரேக் நன்றாக இருந்தது.'

பிரேக் நன்றாக இருந்தது. பிரேக் நன்றாக இருந்தது பீரு. சரி, அடுத்தது.

'என் கால்.'

என்... இருங்கள். தண்ணீர் வேண்டாம். மறுபடி முதலிலிருந்து வாசியுங்கள்.

பிரேக் நன்றாக இருந்தது பீரு. என் கால்தான்.

இன்னும் ஒரு தரம் ஐயா.